வெள்ளிக்கிழமைக் கார்

கிளட்ச் வேலையில் முதலில் ஸ்பானர் எடுக்க முடியாது. காரை ஓட்டியவர் "நான் ஒண்ணுமே பண்ணல" என்று சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்க வேண்டும். நான் சொல்லப்போகும் டிரைவர் மட்டும் அதைச் சொல்லவில்லை.

மெக்கானிக்கல் படித்துவிட்டுச் சொந்தக்காரர் வீட்டு மிக்சியையும் தண்ணீர் மோட்டாரையும் கழற்றிக்கொண்டிருக்கும் என் போன்றவர்களுக்கு மற்றதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. காரைக்குடியில் சேகர் அண்ணனின் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறேன். போல்ட்டை முறுக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, முறுக்கினோமா என்று படுத்துக்கொண்டே யோசிக்கிற ஆள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளட்ச் எப்படிப் போனது என்ற கதை எனக்குக் கேள்விப்பட்டதாகத்தான் வந்தது. பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நாலு பேர்

கண்டரமாணிக்கத்தில் ஒரு பெரிய வீடு. வீட்டுக்காரர் கோலாலம்பூரில் தொழில் செய்கிறார். இங்கே அவருடைய அம்மா இருக்கிறார். எல்லோருக்கும் அவர் ஆச்சி. மகன் ஆசைப்பட்டு வாங்கிய இத்தாலிக் கார் ஒன்று வீட்டு ஷெட்டில் நிற்கிறது. சிவப்பு நிறம், இடுப்பு உயரம். ஊருக்கு வரும்போது மட்டும் அவர் ஓட்டுவார். மற்ற நாட்களில் அதைப் பார்த்துக்கொள்வது டிரைவர் கருப்பையா அண்ணன். பக்கத்திலேயே ஒரு பழைய வெள்ளைக் கார். ஆச்சி ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் போவது அதில்தான்.

முதலாளி இல்லாத நேரத்தில் கருப்பையா சிவப்புக் காரில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மானகிரிக்குப் பரோட்டா சாப்பிடப் போனார், போன வேகத்தில் கிளட்ச் எரிந்துவிட்டது என்பது கதை. டீக்கடையில் யாரோ சொல்ல, அதைக் கேட்டவர் சேகர் அண்ணனிடம் சொல்ல, அவர் என்னிடம் சொன்னார். எத்தனை பேர் போனார்கள் என்று கேட்டேன்.

"நாலு பேராம்ப்பா. அந்தக் கார்ல ரெண்டு சீட்டுத்தான். மத்த ரெண்டு பேரு மடியில உக்காந்தாகளோ என்னமோ."

மாசக் கடைசி

அந்தக் காருக்கு சர்வீஸ் சென்னையில்தான். ஏற்றிப்போக வந்த லாரி அந்தத் தெருவில் திரும்ப முடியாமல் போய்விட்டது. அதனால் கிளட்ச் சாமான்கள் உறவினர் ஒருவரின் பெட்டியில் கோலாலம்பூரிலிருந்து வந்தன. வேலை வீட்டிலேயே என்று முடிவாயிற்று. சேகர் அண்ணனும் நானும் போன அன்று ஆச்சி சர்க்கரை இல்லாத காபியைக் குடித்துக்கொண்டு மகனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். "ஆத்தா, மாத்திரை போட்டீகளா? வெளிச்சாப்பாடு ஒண்ணும் இல்லையே?" என்று மகன் கேட்டார். "எனக்கு ஏதுப்பா வெளிச்சாப்பாடு" என்று சொல்லிவிட்டு ஆச்சி போனை என்னிடம் தந்தார்.

மகன் நல்ல மனிதர். சத்தம் போட்டுப் பேசவில்லை. கருப்பையா அண்ணன் பக்கத்தில் நிற்பது அவருக்குத் தெரியாது.

"ஊர்ல பேசுறது என் காதுக்கும் வந்திருச்சு. கழட்டிப் பாத்துட்டு உள்ளதைச் சொல்லுங்க தம்பி. வெளிய எடுத்து ஓட்டித்தான் போச்சுன்னா, மாசக் கடைசியோட கருப்பையாவ நிப்பாட்டிருவேன்."

தள்ளியது

இந்தக் காரில் எஞ்சின் நடுவில், கியர்பாக்ஸ் அதற்குப் பின்னால். கிளட்சைத் தொட வேண்டுமானால் கியர்பாக்ஸைப் பின்பக்கமாக இழுத்து எடுக்க வேண்டும். காரோ பின்சுவரை ஒட்டி நின்றது. அங்கே வீடுகள் தெருவைவிட உயரம், ஷெட்டும் அப்படியே. வாசலில் தெருவுக்கு இறங்கும் சரிவு. சரிவின் விளிம்புவரை மட்டும் தள்ளி, சக்கரத்துக்கு முன்னால் கட்டை வைக்க வேண்டும். கை தவறினால் கார் தெருவுக்குப் போய்விடும். நான் கட்டையோடு முன்னால் நின்றேன். கருப்பையா அண்ணன் ஸ்டியரிங்கில். தெருவிலிருந்து தள்ள வந்தவர்களில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே சொன்னார்:

"இம்புட்டு வெல குடுத்து வாங்குனாலும் கடைசியில தள்ளத்தான வேண்டியிருக்கு."

தட்டு

பம்பர், சைலன்ஸர், ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு போல்ட்டையும் போட்டோ எடுத்து, கியர்பாக்ஸை இறக்கினோம். கிளட்ச் தட்டு ரிவெட் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. தட்டை ஒட்டிச் சுழலும் ஃப்ளைவீலில் சூட்டில் வெந்த நீலத் திட்டுகள். கேள்விப்பட்ட கதைக்கு அச்சாகப் பொருந்தியது. ஆனால் எரிந்த தட்டைப் பார்த்து அது எரிந்துவிட்டது என்று சொல்லலாமே தவிர, எந்த ரோட்டில் எரிந்தது என்று சொல்ல முடியாது.

சேகர் அண்ணன் டீ குடிக்கப் போன நேரத்தில் கருப்பையா அண்ணனிடம் கேட்டுவிட்டேன், மானகிரிக்குப் போனது உண்மையா என்று. அவர் கைத்துணியை மடித்து வைத்தார்.

"போனேன் தம்பி. இந்தக் கார்ல போகல. யாரு யாரு போனோம்னு மட்டும் கேக்காதீக."

மொட்டு

புதுத் தட்டை நேராக மாட்ட, அதன் துளைக்குள் செருகிப் பிடிக்க ஒரு தண்டு வேண்டும். இந்தக் காருக்கு உரியது திருச்சியில் விசாரித்தும் கிடைக்கவில்லை. அளவெடுத்துக்கொண்டு காரைக்குடியில் கட்டில் கால் கடைபவரிடம் போனேன். தேக்கில் கடைந்து தந்தார். செருகும் பகுதி சரியாக இருந்தது. கைப்பிடியில்தான் வரிசையாக வளையங்கள், உச்சியில் ஒரு தாமரை மொட்டு. இது காருக்குள் போய்விட்டு உடனே வெளியே வந்துவிடும், யாரும் பார்க்க மாட்டார்கள் என்றேன்.

"நீங்க பாப்பீகள்ல?"

கால்

உள்ளதைச் சொல்லுங்கள் என்று அவர் சொல்லியிருந்தார். உள்ளது எது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. கடைசியில் காருக்குள் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்தேன். முதலாளி கடைசியாக ஓட்டி நிறுத்தியபோது எழுதி ஒட்டிய சீட்டில் இருந்த கிலோமீட்டருக்கும் மீட்டருக்கும் பெரிய வித்தியாசமில்லை. மானகிரிக்கு ஒருமுறை போய்வந்திருந்தால்கூட அதைவிட அதிகம் காட்டும். கார் ஓடவே இல்லை. ஓடாத காரில் கிளட்ச் எப்படித் தேயும்?

"நீங்க வாரா வாரம் இதுல என்னதான் பண்ணுவீகண்ணே? அப்படியே செஞ்சு காட்டுங்க" என்றேன். கியர்பாக்ஸ் தரையில் கிடக்க, கருப்பையா அண்ணன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை காலையில் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். ஆச்சி போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அதில் மகன். கார் பழத்தை நசுக்கிக்கொண்டு சரிவில் பாதி இறங்கும். முழுக்க இறங்கினால் மூக்கு தெருவில் உரசும் என்பதால் அங்கேயே நிற்கும். ரிவர்ஸ் கியர் போட்டு, இடது கால் கிளட்சில் பாதி, வலது கால் ஆக்சிலரேட்டரில். பிரேக்கில் கால் இல்லை. முதலாளிக்கு எஞ்சின் சத்தம் கேட்க வேண்டுமே. அப்படியே தொங்கவிட்டு, பிறகு பின்னாலேயே மேலே. வெறுங்காற்றில் இதையெல்லாம் அவர் கால் செய்துகாட்டியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாதி பிடித்த தட்டு உரசிக்கொண்டே காரைத் தாங்கும்; இத்தனை வருட வெள்ளிக்கிழமைகளில் எந்தத் தட்டும் தாங்காது.

"ஒருக்கா காட்டுனா, மொதலாளி இன்னொருக்கான்னு கேப்பாக தம்பி. கேக்குறப்ப மொகத்துல அம்புட்டு சந்தோசம். எப்படி மாட்டேங்கிறது?"

உள்ளது

அன்று இரவு பேச வேண்டியதை மனப்பாடம் செய்தேன். கார் வெளியே போகவில்லை என்பது பாதி உண்மை. எரித்தது கருப்பையா அண்ணனின் கால்தான் என்பது மீதி. முதல் பாதியோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றும் தோன்றியது. நிறுத்தினால், பிறகு எப்படி எரிந்தது என்று அவர் கேட்பார். எனக்குப் பொய் வராது.

மறுநாள் வீடியோவில் மீட்டரைக் காட்டினேன், சரிவைக் காட்டினேன், முழுவதையும் சொன்னேன். "அப்ப கருப்பையாதான் எரிச்சிருக்கார்" என்றார் மகன் மெதுவாக. எனக்கு மனப்பாடம் செய்தது எல்லாம் மறந்துபோனது. பின்னால் நின்ற ஆச்சி என் கையிலிருந்த போனைத் தன் பக்கம் திருப்பினார்.

"அவரு கால வச்சாரு. இன்னொருக்கா, இன்னொருக்கான்னு கேட்டது யாரு? நாந்தான போனப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நிப்பாட்டுறதுன்னா மூணு பேரையும் நிப்பாட்டு."

மகன் சிரித்துவிட்டார். மாசக் கடைசி வந்து போனது. கருப்பையா அண்ணன் இருக்கிறார். இப்போது வெள்ளிக்கிழமைகளில் கார் நின்ற இடத்திலேயே உறுமுகிறது, பழம் கதவோரம் பத்திரமாக இருக்கிறது.

பின்னொரு நாள் மானகிரிப் பரோட்டாக் கடையில் விசாரித்துச் சரிபார்த்துக்கொண்டேன்: கருப்பையா அண்ணன் வந்ததும் நாலு பேர் வந்ததும் உண்மைதான், ஆனால் வந்தது வெள்ளைக் காரில், பின்சீட்டில் உட்கார்ந்தபடியே சால்னா இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கியவர் ஆச்சி.