ஒரு மாதம் முழுக்க வெள்ளையாக இருந்த நோட்டு

கணினியைத் தொடுவதற்கு முன்னால் அதன் தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். பிறகு முதுகுப் பக்கம். சூடு அதிகமென்றால், "நேத்து அணைக்காமப் போனது யாரு?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பார். அணைக்காமல் போன டீச்சர் பக்கத்திலேயே நின்றிருப்பார். சுவர்தான் பாவம், திட்டு வாங்கிக்கொள்ளும்.

பள்ளியில் எல்லாருக்கும் அவர் கேபிள் சார். அறுபத்து நான்கு கணினிகள், பதினொரு புரொஜெக்டர்கள், மூன்று பிரிண்டர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். சட்டைப்பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் பல் துலக்கும் பிரஷ் ஒன்றும் இருக்கும். பிரஷ், கீபோர்டுக்கு. கழுத்தில் மாலைபோல் ஒரு வயர் தொங்கும். எதற்கென்று கேட்டால், "எதுக்காவது ஆகும்" என்பார். அலுவலகப் பிரிண்டர் காகிதத்தை மென்று துப்பும்போது அதன் இடது விலாவில் எங்கே தட்ட வேண்டுமென்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அதை எழுதி வைக்கச் சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"எழுதி வச்சா அது அடங்குமா டீச்சர்? தட்டினாத்தான் அடங்கும்."

போன மாதம் தலைமை ஆசிரியை ஆசிரியர் அறையில் ஒரு நோட்டைக் கொண்டுவந்து வைத்தார். பேனாவை நூலில் கட்டியிருந்தார். "யாருக்கு என்ன கோளாறுன்னாலும் இதுல எழுதுங்க. ஒரு மாசம் பாத்துட்டு முடிவு பண்ணலாம், நமக்குன்னு ஒரு ஆள் வேணுமா, இல்ல வெளிக் கம்பெனிகிட்ட விட்டுடலாமான்னு."

கேபிள் சாருக்கு இது பதினான்கு வருட வேலை. நோட்டில் விழும் ஒவ்வொரு வரியும் தன் தலையில் விழும் குட்டு என்று முடிவு கட்டிக்கொண்டார். மறுநாளிலிருந்து மணியடிக்க ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து, அறை அறையாகப் போய், எல்லாவற்றுக்கும் நெற்றி தொட்டுப் பார்த்தார். அப்படியும் ஒரு நாள் கணக்கு டீச்சர் பேனாவை எடுத்துவிட்டார். கேபிள் சார் ஓடிவந்து நோட்டின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

"எழுதாதீங்க டீச்சர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இதோ, ரெண்டே நிமிஷம்."

வீட்டில் மனைவிக்கு இது பிடிபடவில்லை. "ஏங்க, எழுத விட்டாத்தானே நீங்க பண்றது நாலு பேருக்குத் தெரியும்?"

"புகார் வந்தா எனக்குத்தானேடி அசிங்கம்?"

மாதம் முடிந்தது. கூட்டத்துக்கு வெளிக் கம்பெனி ஆளும் வந்திருந்தார். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, மடியில் லேப்டாப். "போன மாசம் ஒரே ஸ்கூல்ல மட்டும் நூத்திப் பதினெட்டு புகார் தீர்த்துக் குடுத்திருக்கோம் மேடம். ஒவ்வொண்ணுக்கும் நம்பர் இருக்கு." எல்லாரும் புருவத்தை உயர்த்தினார்கள்.

தலைமை ஆசிரியை நோட்டை எடுத்துப் புரட்டினார். கடைசிப் பக்கம்வரை பால் வெள்ளை. கேபிள் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாராட்டு வரப்போகிறது என்றே நினைத்தார், அப்பாவி மனிதர்.

"ஒரு கோளாறுகூட வரலையே சார். பின்ன எதுக்கு நமக்கு ஒரு முழுநேர ஆள்?"

கேபிள் சாருக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. வயர்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவருக்குத் தன்னைப் பற்றி ஒரு வாக்கியம் வரவில்லை. கணக்கு டீச்சர் மட்டும் வாயைத் திறந்தார். அதற்குள் கம்பெனி ஆள், "விவரமாக் காட்டுறேன்" என்று எழுந்து புரொஜெக்டரைப் போட்டார்.

சுவரில் ஒன்றும் தெரியவில்லை. அவர் லேப்டாப்பை அணைத்துப் போட்டார். மறுபடி அணைத்துப் போட்டார். "ஆபீசுக்குச் சொல்லிடறேன் மேடம், நாலு மணி நேரத்துல ஆள் வந்துடும்" என்று போனை எடுத்தார்.

கேபிள் சார் அதற்குள் மேசைக்கடியில் இருந்தார். யாரும் கூப்பிடவில்லை, பழக்கதோஷம். கழுத்து வயரைக் கழற்றி மாட்டியதும் படம் வந்தது. 'பள்ளிக்குத் தனி ஆள் தேவையா?' என்ற கொட்டை எழுத்து வரி ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. புரொஜெக்டருக்கு ஒரு கால் குட்டை.

சரிந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் ஆகாது. தலைமை ஆசிரியையின் முன்னாலிருந்த நோட்டை இழுத்து, ஓர் எழுத்தும் விழாத முதல் பக்கத்தைக் கிழித்தார். நான்காக மடித்து, குட்டைக் காலுக்கு அடியில் வைத்து, வரி நேராகிவிட்டதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்.