ஆற்றுப் பக்கச் சந்து

எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாதபடி கரிக்க ஆரம்பித்தது எழுபதுகளின் கடைசியில். தோல் பதனிடும் டேனரிகளின் கழிவு மண்ணுக்குள் இறங்கியதால்தான் என்று எல்லோருக்கும் தெரியும். நல்ல தண்ணீர் கேட்டு ஆம்பூர் கடைவீதியில் பெண்களெல்லாம் குடத்தோடு உட்கார்ந்தோம். என் கணவருடைய அண்ணன் மனைவி என் பக்கத்தில் இருந்தாள். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

மத்தியானம் திடீரென்று போலீஸ் லத்தியைச் சுழற்றியது. இரண்டு டேனரிச் சுவர்களுக்கு நடுவே பாலாற்றுக்குப் போகிற சந்துக்குள் ஓடினோம். ஆற்று முனையையும் போலீஸ்காரர்கள் மறித்து நின்றிருந்தார்கள். அது முன்னால் போனவர்களுக்குத்தான் தெரிந்தது. பின்னால் வந்தவர்கள் நெருக்கிக்கொண்டே வந்தார்கள். அக்காவின் கை என் கையில் இருந்தது. பிறகு இல்லை. "தள்ளாதடீ" என்று அவள் குரல் மட்டும் கேட்டது. கூட்டம் கலைந்தபோது சுவரோரம் கிடந்தாள். உடம்பில் ஓர் அடிகூட விழவில்லை. மூச்சுதான் இல்லை.

அடுப்படியில் இருக்கும்போது அந்தக் குரல் காதோரம் கேட்கும். திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள். என்னைச் சொன்னாளா, பின்னால் வந்தவர்களைச் சொன்னாளா? இன்றுவரை தெரியவில்லை.

கொஞ்ச காலத்தில் புதிதாக ஒரு டி.எஸ்.பி. வந்தார். ஜமாத் பெரியவர்கள், தொழிற்சங்கத்துக்காரர்கள், கடைக்காரர்களோடு அன்றைக்குச் சந்தில் மாட்டிக்கொண்டவர்களையும் பேச வரச் சொன்னார். அக்காவின் கணவர் கத்தினார்.

"அவனுங்ககிட்ட போயி இன்னா பேசப்போற? போனவ திரும்பி வந்துடுவாளா?"

ஆனாலும் என் கணவரோடு போனேன்.

பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். "கூட்டத்தைக் கலைக்கற முறைய மாத்தணும். எங்க தப்பு நடந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார் டி.எஸ்.பி. முதலில் கடைக்காரர்கள் தங்கள் கடைக் கண்ணாடி உடைந்ததைச் சொன்னார்கள். ஜமாத் பெரியவர் ஒருவர், "அடிக்கறதுக்கு முன்னாடி மைக்ல சொல்லுங்க. உருதுலயும் சொல்லுங்க" என்றார். நான் எழுந்தேன்.

"ஓடறதுக்கு ஒரு வழியாவது விடுங்க சார். தொரத்தினா நாங்க எங்க போறது?"

பின்வரிசையிலிருந்து ஒரு கான்ஸ்டபிள் எழுந்து நின்றார்.

"ஆத்துப் பக்கம் நின்னதுல நானும் ஒருத்தன் சார். யாரையும் வெளிய விடாதேன்னாங்க. உள்ள கத்தறது கேட்டுச்சு. கோஷம் போடறாங்கன்னு நெனச்சேன்."

டி.எஸ்.பி. அவரை உட்காரச் சொல்லவில்லை. அந்தக் கான்ஸ்டபிள் என் பக்கம் பார்ப்பார் என்று காத்திருந்தேன். தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அதே தண்ணீருக்காக மறுபடியும் உட்கார்ந்தோம். இந்தத் தடவை மைக்கில் தமிழிலும் உருதுவிலும் சொன்னார்கள்: கலைந்து போங்கள், ஆற்றுப் பக்கம் வழி விட்டிருக்கிறது. உண்மைதான். சந்தின் மறுமுனையில் ஆற்று மணல் வெள்ளையாகத் தெரிந்தது. ஆனால் ஒருத்தியும் அசையவில்லை.

"உள்ள விட்டு அடிக்கப்போறானுங்க" என்றாள் என் பின்னால் இருந்தவள்.

போலீஸ் வரிசை ஓர் அடி முன்னால் வந்தது. நான் எழுந்து சந்துக்குள் நடந்தேன். சுண்ணாம்பும் தோலும் நாறின. சுவரைத் தொடாமல் நடுவிலேயே நடந்தேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. முதுகு மொத்தமும் காதாக இருந்தது. யாரும் தள்ளவில்லை. மணலுக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். பெண்கள் ஒவ்வொருத்தியாக வெளியே வந்து, குடத்தை இறக்கிவைத்து உட்கார்ந்தார்கள். சிலர் அழுதார்கள். நானும் அழுதேன்.

சாயங்காலம் அக்காவின் கணவருக்குச் சோறு போட்டுக்கொண்டே நடந்ததைச் சொன்னேன்.

"யாரும் விழலையா?"

"இல்ல மாமா. வழி விட்டுட்டாங்க."

சோற்றைப் பிசைந்தார்.

"அப்ப அன்னைக்கே விட்டிருக்கலாமில்ல" என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்து கைகழுவப் போனார்.