மதிப்பீட்டின் முதல் வரி

ஆனி 32, காலை பத்தேகால், பாஸ்போர்ட் இரண்டு, பெயர் சுமதி, ஊர் பூதலூர். இதைத் தாளின் தலையில் எழுதிவிட்டுத்தான் நான் கூட்டலுக்குப் போவேன். நாளிதழில் இருபத்தாறு வருஷம் ஊர்ச் செய்தி திருத்திய பழக்கம். எப்போது, எத்தனை, யார் என்பது முதலிலேயே வந்துவிட வேண்டும்.

இப்போது தஞ்சாவூரில் ஒரு விசா அலுவலகத்தில் மதிப்பீடு எழுதுகிறேன். குடியேற்ற மனுவுக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லும் வேலை. கட்டணத்தை வைப்பது அந்த நாட்டு அரசு, ரூபாய் மதிப்பை வைப்பது சந்தை, கமிஷனை வைப்பது வங்கி. திட்டு வாங்குவது மட்டும் நான். கல்யாணச் சமையலுக்கோ வீடு கட்டவோ உத்தேசத் தொகை எழுதிக் கொடுத்து மாட்டிக்கொண்டவர் நீங்கள் என்றால், மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

வராத காய்ச்சலுக்கு

மயிலாடுதுறைப் பக்கத்து விவசாயி ஒருவர் மகனோடு வந்தார். மகனுக்கு இங்கிலாந்தில் வேலை. என் தாளில் விசா கட்டணத்தைவிட அதற்குக் கீழே இருந்த தொகை பெரிதாக இருந்தது. அது சுகாதாரக் கட்டணம். அங்கே இருக்கப்போகும் அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து, மனுப் போடும்போதே மொத்தமாகக் கட்டியாக வேண்டும்.

பையனுக்கு இதுவரை காய்ச்சல்கூட வந்ததில்லை, அந்த வரியை அடித்துவிடுங்கள் என்றார். முடியாது என்றேன். நோய் வராவிட்டால் பணம் திரும்புமா என்று கேட்டார். திரும்பாது என்றேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "பயிர் இன்சூரன்ஸ் மாதிரின்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே சார். கட்டுறது மட்டும் நிச்சயம்."

நூற்றொரு ரூபாய்

சுமதி பேரம் பேசவில்லை. அவர் கணவர் இன்ஜினியர், இங்கிலாந்து போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. வாங்கிய சம்பளம் அங்கே வீட்டு முன்பணத்துக்கே சரியாகிவிட்டது. மனைவியும் மகளும் போய்ச் சேரும் செலவை இங்கிருந்துதான் கட்ட வேண்டும். கோடை நெல் விற்ற பணமும் சேமிப்பும் சுமதியின் வங்கிக் கணக்கில் தயாராக இருந்தன. கூட வந்திருந்த மகள் யாழினி பிளஸ் டூ முடித்தவள், வயது பதினேழு.

முதல் வரியில் சுமதி, இரண்டாம் வரியில் யாழினி என்று எழுதி, கீழே கூட்டிக் கொடுத்தேன். சுமதி கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துத் தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்தார். மறுநாள் ஆடி பிறக்கிறது, அதற்கு முன் இன்றைக்கே மனுவைத் தொடங்கிவிட வேண்டும் என்றார். பகல் பன்னிரண்டுக்கு ராகு காலம் வருமுன் கம்ப்யூட்டரில் இருவர் பெயரையும் ஏற்றினேன். நூற்றொரு ரூபாயை மேசைமேல் வைத்தார். நானும் வாங்கிக்கொண்டு ரசீது போட்டேன். இந்த ஊரில் நீங்களும் வாங்கியிருப்பீர்கள். படி இறங்கும்போது திருப்தியாகச் சொன்னார்: "ஆனியிலேயே ஆரம்பிச்சாச்சு சார். மீதியை ஆவணி பிறந்ததும் மொத்தமா கட்டிடுறேன்."

பிழை திருத்தம்

எங்கள் முதலாளி சாதிக் பாய் கூத்தாநல்லூர்க்காரர். வீட்டில் மூன்று தலைமுறையாக யாராவது ஒருவர் கடல் தாண்டி இருந்துகொண்டே இருப்பதால், பாஸ்போர்ட்டை நம் ரேஷன் கார்டு மாதிரிப் படிப்பார். ஆடி மூன்றாம் நாள் என் மதிப்பீடுகளைப் புரட்டியவர், ஆவணி பிறக்கும்போது இந்தப் பெண்ணுக்கு என்ன வயது என்று மட்டும் கேட்டார்.

யாழினியின் பாஸ்போர்ட் நகலை எடுத்துப் பார்த்தேன். ஜூலை 25. ஆடி ஒன்பது. அன்று பதினெட்டு நிறைகிறது. அப்பாவோடு சேரும் பிள்ளை என்ற வகையில் விசா வேண்டுமானால், பதினெட்டு நிறையுமுன் மனுப் போட்டிருக்க வேண்டும். மனுப் போட்ட நாள் என்பது கட்டணம் கட்டிய நாள். பெயரை ஏற்றியதும், மஞ்சள் வைத்ததும், எனக்குக் கொடுத்த நூற்றொரு ரூபாயும் அங்கே கணக்கில் வராது. ஆவணியில் கட்டினால் அம்மா போகலாம், மகள் போக முடியாது. என் தாளில் தப்பு என்று ஓர் எண்கூடக் கிடையாது. ஆனால் பணம் கட்டுவதற்குக் கடைசி நாள் எது என்று நான் எழுதவே இல்லை.

சாதிக் பாய் கோபப்படவில்லை. "பத்திரிகையா இருந்தா மறுநாள் ‘வருந்துகிறோம்’னு போட்டுத் தப்பிச்சிருப்பீங்க. இங்க எந்தப் பக்கத்துல போடுவீங்க?"

வரப்பில்

சுமதியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ரயிலேறிப் பூதலூர் போனேன். வீட்டில் பூட்டு. பக்கத்து வீட்டார் வயலைக் காட்டினார்கள். குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. சுமதி வரப்பில் நின்று நாற்று முடிகளை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தார். யாழினி ஆட்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்தாம் தேதிக்கு முன் கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொன்னேன்.

ஆனியில் ஆரம்பித்தாகிவிட்டதே என்றார் சுமதி. அது நம் கணக்கு, அவர்களுடையது வேறு என்றேன். சுமதி இன்னொரு முடியை எண்ணிப் போட்டார். மகளை விட்டுவிட்டுத் தானும் போகப்போவதில்லை, ஆனால் அவ்வளவு பெரிய பணத்தை ஆடியில் எடுத்துப் போட மனசு வரவில்லை, அவள் வாழ்க்கை விஷயமாயிற்றே என்றார். யாழினி டீத் தூக்கைக் கீழே வைத்தாள். "நாத்தை மட்டும் ஆடியில நடலாம், என்னை நடக்கூடாதாம்மா?"

நிறைந்த நாள்

நடவு ஆட்கள் சிரித்துவிட்டார்கள், சுமதி சிரிக்கவில்லை. மோட்டார் கொட்டகையில் மாட்டியிருந்த காலண்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இருபத்துநாலாம் தேதி ஆடி அமாவாசை, நிறைந்த நாள், அன்றைக்குக் கட்டுகிறேன் என்றார். அதுதான் கடைசி நாள், ஒரு நாளாவது முன்னால் வாருங்கள் என்று கெஞ்சினேன். நடக்கவில்லை.

வியாழக்கிழமை, அமாவாசை, பகல் பன்னிரண்டேகாலுக்குத் தாயும் மகளும் வந்து உட்கார்ந்தார்கள். வெளிநாட்டுக்குப் பணம் கட்டும் வசதியைக் கார்டில் திறந்துவைக்கும்படி முன்பே சொல்லியிருந்தேன். திறந்திருந்தது. மதிப்பீட்டில் உள்ளபடி முதல் வரியை முதலில் கட்டினோம். சுமதியின் சுகாதாரக் கட்டணம் போனது. விசா கட்டணமும் போனது. இரண்டாம் வரிக்கு வந்தோம். கார்டு நின்றுவிட்டது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அதற்கு ஒரு வரம்பு. அது ஒரு ஆளுக்கே சரியாகப் போயிருந்தது. வங்கிக்குப் போன் போட்டால், நாளைக்குத்தான் திறக்கும் என்றார்கள். அம்மாவின் மனு அடுத்த வாரம் போனாலும் குடி முழுகாது. மகளுடையதுதான் அன்றே போக வேண்டியது. பெரியவர் பெயரை முதலில் போடுவது பத்திரிகை வழக்கம். அதை அப்படியே தாளில் செய்து வைத்தவன் நான்.

சாதிக் பாய் தொழுகைக்குப் போயிருந்தார், போன் அணைந்திருந்தது. ஒன்றே முக்காலுக்கு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் தன் கிரெடிட் கார்டை எடுத்து மேசைமேல் வைத்தார். சுமதி அந்தத் தொகையைத் தன் கணக்கிலிருந்து உடனே அவர் கணக்குக்கு அனுப்பினார். நான் எண்களைத் தட்டப் போனேன். சுமதி என் கையைப் பார்த்து, வேண்டாம் என்றார். வியாழக்கிழமை ஒன்றரை முதல் மூன்று ராகு காலம்.

நாள் முடிய நேரம் இருந்தது என்பது உண்மைதான். ஆனால் ஆடிக் காற்றில் கரண்ட்டையும் நெட்டையும் நம்பி உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்த நேரம் எவ்வளவு என்று தெரியும். இரண்டு இருபதுக்குக் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது, மோடம் அணைந்தது. யாழினி அம்மாவைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தக் காலண்டர்மேல் வந்த கோபத்தை வெளியே சொல்லவில்லை. சொல்லும் தகுதி எனக்கு இல்லை. சாதிக் பாய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு, கார்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு ஐம்பதுக்குக் கரண்ட் வந்தது. இணையப் பக்கம் எங்களை வெளியே தள்ளியிருந்தது. பாஸ்வேர்டு போட்டு மறுபடி உள்ளே போனேன். பாய் சுவர்க் கடிகாரத்தையும் தன் கைக்கடிகாரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அப்புறம் கார்டைத் திருப்பி வைத்தார். "மூணு அடிச்சு ரெண்டு நிமிஷம் ஆச்சு தங்கச்சி. போடலாமா?"

ரசீது

மூன்று பதினொன்றுக்கு யாழினியின் ரசீது வந்தது. அதில் இருந்த தேதியை நாலு பேரும் தனித்தனியாகப் படித்தோம். என் மதிப்பீட்டுக்கும் கட்டிய தொகைக்கும் வித்தியாசம் சில நூறு ரூபாய்தான். என் தொழிலில் அது பாராட்டத் தகுந்த விஷயம், ஆனால் யாரும் பாராட்டவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

ஆவணியில் இருவருக்கும் விசா வந்தது. சுமதி பாஸ்போர்ட்டுகளை வாங்க வந்தபோது, இன்னும் ஒரே ஒரு நாள் தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் ஆரம்பித்தேன். மஞ்சள் வைத்த அந்தத் தாளைப் பையிலிருந்து எடுத்து என் முன் விரித்தார். என் கையெழுத்தில் இருந்த தேதிமேல் விரலை வைத்தார். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே சார், ஆனியிலேயே ஆரம்பிச்சாச்சுன்னு."

அந்தத் தாளுக்குப் பிறகு நான் எழுதும் எந்த மதிப்பீட்டிலும் வயதில் சின்னவர்தான் முதல் வரி. செப்டம்பர் 4, வியாழக்கிழமை, தாயும் மகளும் திருச்சியில் விமானம் ஏறினார்கள்.