படலையிலை கூப்பிட்டு உள்ளுக்குப் போற வேலை

தூர இருந்து கம்பியூட்டர் பாக்கிற வேலைக்கு ஒரு சாபம் இருக்கு: எல்லாம் ஒழுங்காய் ஓடினால், நாங்கள் சும்மா இருக்கிறம் எண்டுதான் சனம் நினைக்கும். இதே வேலை பாக்கிற ஆக்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவைக்குச் சொல்லுறன்: இணுவிலிலை வீட்டு மேசையிலை இருந்து, ஒரு ஹாட்வெயார் கடையின்ரை கம்பியூட்டர்களை என்ரை கம்பியூட்டருக்குள்ளாலை திறந்து பழுது பாக்கிறன். பெரிய கடை அச்சுவேலியிலை, கிளை கொழும்புத்துறையிலை, எல்லாம் யாழ்ப்பாணத்துக்குள்ளைதான்.

தானாய் ஓடின மவுஸ்

கிளையிலை பில் போடுறவ செல்வராணி அக்கா. முதல் நாள் நான் உள்ளுக்குப் போய் பில் புரோகிராமைப் புதுப்பிச்சுக்கொண்டிருக்கேக்கை திரை பட்டெண்டு செத்துப்போச்சு. எனக்கெண்டால் விசர். ஃபோன் எடுத்தால் மனிசி மூச்சு வாங்கிறா.

"தங்கச்சி, மவுஸ் தானாய் ஓடுது, ஆரோ கள்ளர் பூந்திட்டாங்கள்! நான் வயரைப் பிடுங்கிப்போட்டன், நீங்கள் பயப்பிடாதையுங்கோ!"

வீட்டுக்காரர்!

அந்தக் கள்ளர் நான்தான் எண்டு சொன்ன உடனை அக்காவுக்குக் கோவம் வந்திட்டுது. நியாயம்தானே. வாசல் படலையிலை நிண்டு "வீட்டுக்காரர்!" எண்டு கூப்பிடாமல் ஆர் ஒரு வளவுக்குள்ளை கால் வைக்கிறது? அந்த நாளிலை இருந்து, எதையும் தொடமுதல் அவவின்ரை திரையிலை ஒரு வெறும் பக்கத்தைத் திறந்து "வீட்டுக்காரர்!" எண்டு அடிப்பன். பதில் வருமட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பன். கடையிலை சனமெண்டால் நேரம் செல்லும், எரிச்சல்தான். ஆனால் பதில் ஒருநாளும் வெறும் ஓம் இல்லை.

"வாங்கோ தங்கச்சி. தேத்தண்ணி குடிச்சிட்டீங்களோ?"

சரஸ்வதி பூசை

பூசைக்கு இரண்டு கடையிலையும் கம்பியூட்டரை நிப்பாட்டி, சந்தனம் வைச்சு, படத்துக்கு முன்னாலை வைச்சாச்சு. விஜயதசமி முடியுமட்டும் ஒருத்தரும் தொடேலாது. அது முடிய முதலாளி ஃபோன் எடுத்தார். அவல் கடலை சாப்பிடக் கூப்பிடப்போறார் எண்டு நினைச்சன். மனிசன் கொழும்பிலை ஒரு கொம்பனியோடை கதைச்சு முடிச்சுப்போட்டார், இனி அவைதான் பாப்பினமாம்.

ஏனெண்டு கேட்டன். இது போனால் கொழும்பிலைதான் எனக்கு வேலை. மகளுக்கு இப்பதான் மூண்டு வயசு, அவளை விட்டிட்டு எப்பிடிப் போறது? நிப்பாட்டி வைச்ச சாமான் எப்பிடி ஐயா பழுதாகும் எண்டு கேக்க வாய் உன்னினது, விழுங்கிக்கொண்டன். முதலாளி சொன்ன காரணம் இதுதான்:

"பூசை முடியுமட்டும் நீ ஒண்டையும் பாக்கேல்லை, ஒண்டும் பழுதாகவுமில்லை. பிறகென்னத்துக்குப் பிள்ளை நீ?"

கொழும்பிலையிருந்து வந்தவை

அவை கெட்டிக்காரர், குறை சொல்லமாட்டன். ஆனால் கூப்பிட்டிட்டு உள்ளுக்கு வாற பழக்கம் இல்லை. மவுஸ் அசையும், அக்கா வயரைப் பிடுங்குவா. அவை திரும்ப வருவினம், அக்கா திரும்பப் பிடுங்குவா. கடைசியிலை பில் புரோகிராம் குழம்பி, சீமெந்து வாங்க வந்த சனம் நிண்டு ஏசத் துவங்கீட்டுது. முதலாளி அச்சுவேலியிலை இருந்து வந்து அக்காவிலை பாய்ஞ்சிருக்கிறார். பிறகு எனக்கு ஃபோன். குரல் இறங்கிப்போச்சு.

"படலையிலை கூப்பிடாமல் வாறவையைச் செல்வராணி விடமாட்டாவாம். இணுவில் பிள்ளை எண்டால் கேட்டுத்தான் வருவாவாம். நீயே வந்து பார் பிள்ளை."

உடனை கொழும்புத்துறைத் திரையைத் திறந்தன். "வீட்டுக்காரர்!" எண்டு அடிக்கப் போனால், வெறும் பக்கம் முதலே திறந்து கிடக்கு. அதிலை அக்கா அடிச்சு வைச்சிருக்கிறா:

"படலை திறந்துதான் கிடக்கு, வாங்கோ தங்கச்சி."

கடவுச்சொல் எல்லாம் முதலாளியின்ரை கையிலை இருக்கலாம், என்ரை வேலை நிக்கிறது செல்வராணி அக்காவின்ரை வயரிலைதான்.