காது எட்டாத வருஷம்

என் வீட்டுக்காரர் குடிப்பார் என்று யாராவது சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். பந்தலில் திராட்சை வெட்டி முடிந்து, வியாபாரியின் வண்டி கிளம்பிப் போன அன்று மட்டும் ஒரு பீர். அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. அந்த ஒன்றுக்கே நான் மறுநாள் காலை வரை அவரோடு பேசமாட்டேன். அவரும் அதை எதிர்பார்த்து, கேட்க வேண்டியதையெல்லாம் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்வார். குடி என் பிறந்த வீட்டில் என்னென்ன செய்தது என்று எனக்குத் தெரியும். அதனால் எனக்கு நல்ல குடி, கெட்ட குடி என்ற பிரிவினையெல்லாம் கிடையாது.

அப்படிப்பட்ட நான் ஒரு பீருக்காகத் தேனியில், நாலு பேர் பார்க்க, தொண்டை கிழியச் சண்டை போட்டிருக்கிறேன். கேட்டால் நம்பமாட்டார்கள். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

இரண்டாயிரத்து ஏழு, ஜூலை மாதம். எங்கள் ஒரே மகனுக்குக் குவைத்தில் ஏசி மெக்கானிக் வேலை கிடைத்திருந்தது. அடுத்த வாரம் விமானம். பெட்டி வாங்குவதற்காக உத்தமபாளையத்திலிருந்து மூன்று பேரும் பஸ் ஏறித் தேனிக்குப் போனோம். கடை கடையாக ஏறி இறங்கி, சக்கரம் வைத்த நீலப் பெட்டி ஒன்றை எடுத்தோம். சக்கரம் ஓடுகிறதா என்று என் வீட்டுக்காரர் கடைத்தெருவில் கொஞ்ச தூரம் இழுத்துப் பார்த்தார். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. பசி நேரம்.

வழக்கமாகத் தேனிக்குப் போனால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் புரோட்டா சாப்பிட்டுவிட்டுத் திரும்பி விடுவோம். அன்றைக்கு அவர், "பெரிய ஓட்டலுக்குப் போவோம்" என்றார். லாட்ஜோடு சேர்ந்த ஓட்டல் அது. கீழே பார், மாடியில் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும் அறை. கேட்டால் கீழேயிருந்து மாடிக்கும் கொண்டுவந்து கொடுப்பார்கள். படி ஏறும்போதே எனக்குச் சந்தேகம்தான். உட்கார்ந்ததும் அவர் என் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எங்கப்பா முன்னால நான் ஒரு நாளும் சமமா உக்காந்தது இல்ல. அவுக வந்தா எந்திரிச்சுப் போயிருவேன். கடைசி வரைக்கும் அப்பிடியே போச்சு. இவன் கூட ஒரு தடவ உக்காந்து ஒரு பீர் குடிக்கணும். ஒண்ணே ஒண்ணு. நீ நாளைக்கு வரைக்கும் பேச வேண்டாம்."

 மகன் வெட்கத்தில் தண்ணீர் டம்ளரை எடுத்து எடுத்துக் குடித்தான். அவன் பீர் குடித்ததே இல்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் ஹாஸ்டலில் இருந்தவன். ஆனால் அப்பாவுக்கு முன்னால் குடிப்பது வேறு காரியம். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தேன். சரி, தொலைகிறது, ஊரை விட்டுப் போகிற பிள்ளை என்று வாயை மூடிக்கொண்டேன்.

வந்து கேட்ட சர்வர் பையனிடம் பிரியாணி, சுக்கா எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டு பீர் என்றார். அந்தப் பையன் என் மகனைப் பார்த்தான். கீழே போனான். பீருக்குப் பதிலாக மேனேஜரைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

மேனேஜருக்கு நாற்பது வயது இருக்கும். மரியாதையான ஆள். போன மாதம் காலேஜ் பையன்கள் சிலர் குடித்துவிட்டு பைக்கில் போய் விழுந்தார்களாம். போலீஸ் வந்து எச்சரித்துவிட்டுப் போனதாம். "இருபத்தொண்ணு ஆகாதவுகளுக்குக் குடுக்கக் கூடாதுங்க. தம்பிக்கு எத்தன வயசு?" என்று கேட்டார். என் மகனுக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. இன்றைக்கும் அப்படித்தான்.

"இருபத்தொண்ணு முடிஞ்சிருச்சு" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஏதாவது கார்டு இருக்கா?"

என் பிள்ளைக்கு அப்போது புது பாஸ்போர்ட் வந்த பெருமை. டீ குடிக்கப் போனாலும் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போவான். கேட்ட வாய் மூடுவதற்குள் எடுத்து நீட்டிவிட்டான். மேனேஜர் புரட்டிப் பார்த்து, விரலில் எண்ணி, "இதுல இருபதுதான இருக்கு" என்றார். அப்போதுதான் மூன்று பேருக்கும் உறைத்தது.

விஷயம் இதுதான். என் மகன் பிறந்தது ஜூன் மாதம், முதல் போகத்துக்கு அணையில் தண்ணீர் திறந்துவிட்ட வாரம். பிரசவம் வீட்டிலேயே ஆகிவிட்டது. யாரும் போய்ப் பதியவில்லை. ஐந்து வயது முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே தலைமையாசிரியர், "வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடு" என்றார். அந்தக் காலத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுதான் கணக்கு. காது எட்டினால் ஒன்றாம் வகுப்பு, எட்டாவிட்டால் வீடு. என் பிள்ளைக்குத் தலை பெரிது, கை குட்டை. முக்கி முனகி நெற்றிப்பொட்டு வரைக்கும் வந்தான். அதற்கு மேல் போகவில்லை. அடுத்த வருஷம் வா என்று அனுப்பிவிட்டார். அடுத்த வருஷம் எட்டியது. அன்றைக்குத்தான் ஐந்து முடிந்ததாக வைத்து ஒரு தேதியை அவரே எழுதிக்கொண்டார். நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. அந்தத் தேதியே சர்டிபிகேட், பாலிடெக்னிக் எல்லாம் தாண்டி பாஸ்போர்ட் வரைக்கும் வந்துவிட்டது.

இப்போது மேனேஜர் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். மகனும் பார்த்தான். நான் பேசாமல் இருந்தால் போதும். பாஸ்போர்ட்டே ஜெயித்துவிடும். பீர் வராது. என் இத்தனை வருஷத்துப் பிடிவாதமும் நிலைத்துவிடும். ஆனால் அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. காலையிலிருந்து அவர் மனசுக்குள் வைத்துக்கொண்டு நடந்தது அந்தப் பெட்டியை இல்லை, இதைத்தான் என்று தெரிந்தது.

"இருபத்தொண்ணு முடிஞ்சு ஒரு மாசமாச்சுங்க. பெத்தவ சொல்றேன்" என்றேன்.

"நீங்க சொல்றது நெசமாத்தான் இருக்கும்மா. ஆனா பாஸ்போர்ட்டுல..."

"பாஸ்போர்ட்டு ஆபீசுக்காரனா வந்து எனக்குப் பிரசவம் பாத்தான்?"

அதற்குப் பிறகு நான் நிறுத்தவில்லை. தண்ணீர் திறந்த வாரம், தலைமையாசிரியர், எட்டாத காது எல்லாவற்றையும் எழுந்து நின்று சொன்னேன். மகன் "எம்மா, சும்மா இரும்மா" என்று சேலையை இழுத்தான். பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர், எச்சில் கை என்பதையும் மறந்து தலைக்கு மேலே கொண்டுபோய்க் காதைத் தொட்டுப் பார்த்தார். அவர் மனைவி அடித்து இறக்கினாள். அறை முழுக்கச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பெற்ற பிள்ளையின் வயது எனக்குத் தெரியாது என்று ஒருவர் சொன்னால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

மேனேஜர் கோபப்படவில்லை. "நாளைக்குப் போலீசு வந்து கேட்டா நான் உங்கள எங்கனம்மா போயித் தேடுவேன்? என் வேலையில்ல போயிரும்" என்றார்.  உட்கார்ந்துவிட்டேன்.

"பெரியவருக்கு மட்டும் கொண்டாரச் சொல்லட்டுமா?" என்று அவர் கேட்டார்.

"வேண்டாம் தம்பி. இவன் லீவுல வரட்டும். அதுக்குள்ள பாஸ்போர்ட்டுக்கும் வயசு வந்துரும்" என்றார் என் வீட்டுக்காரர். முகத்தில் வருத்தத்தைக் காட்டவில்லை. மூன்று திராட்சை ஜூஸ் வாங்கிக் குடித்தோம். திராட்சைக்காரர்கள் காசு கொடுத்துத் திராட்சை ஜூஸ் குடித்தது அன்றைக்குத்தான். சர்க்கரை அதிகம். எங்கள் பந்தலில் இருந்து போன பழம்தான் என்று அவர் நாக்கைச் சப்பிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். நானும் சிரித்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். பெட்டியோடு மகன் முன்னால் நின்றான். எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் இடம் கிடைத்தது. அவர் காதருகே குனிந்து, "நீயா பீருக்குச் சண்ட போட்டவ?" என்று கேட்டார். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

"அந்த வாத்தியாரு மட்டும் அன்னைக்கே சேத்திருந்தா இப்பிடி ஆகுமா? எம்புள்ளைக்கு ஒரு வருசம் வீணாப்போச்சு" என்றேன். எத்தனையோ தடவை சொன்ன பேச்சுதான்.

அவர் ஜன்னல் வழியாகச் சின்னமனூர் தாண்டுவதைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு சொன்னார்: "வீணா எங்கன போச்சு? வீட்டுலதான இருந்தான்."

அந்த வருஷம் என் கண் முன்னால் அப்படியே வந்து நின்றது. பள்ளிக்கூடம் இல்லாததால் காலையில் எங்களோடு பந்தலுக்கு வந்துவிடுவான். உதிர்ந்த பழத்தையெல்லாம் பொறுக்கி வாய் நிறையத் திணித்துக்கொள்வான். மத்தியானம் பந்தல் கல்தூண்களில் சேலையைக் கட்டித் தொட்டில் போடச் சொல்வான். கால் இரண்டும் வெளியே தொங்கும், ஆனாலும் அதில்தான் தூங்குவான். ஒரு வருஷம் முன்னாலேயே சேர்த்திருந்தால், ஒரு வருஷம் முன்னாலேயே படித்து முடித்திருப்பான். போன வருஷமே பெட்டி வாங்கியிருப்போம். முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளையைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. தலைமையாசிரியரை அன்றோடு திட்டுவதை விட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தான். வந்த மூன்றாம் நாளே என் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதே ஓட்டல், அதே மாடி. இரண்டு பீர் என்று இந்தத் தடவை தொண்டையைச் செருமாமல் சொன்னார். மேனேஜரே மேலே வந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகன் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினான்.

"அத உள்ள வையிங்க தம்பி" என்றவர், என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. தம்பிக்கு எத்தன வயசு?"

"இருபத்தி மூணு" என்றேன். "கொண்டாங்க."