ஏழு அதிசயமும் சிமெண்டு, எட்டாவது மட்டும் கல்

பத்தாவது கல்யாண நாளுக்கு எகிப்துக்குக் கூட்டிப்போவதாக என் வீட்டுக்காரர் ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் கூட்டிப்போனது உடுமலைப்பேட்டைக்கு. பிரமிடு அங்கேயே இருக்கிறதாம், தாஜ்மகாலும் ஈபிள் கோபுரமும்கூட இருக்கிறதாம், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாமாம். கோபத்தோடுதான் கிளம்பினேன். திரும்பி வந்தபோது இருந்தது வேறு கோபம். அது ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன்.

போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சரவணம்பட்டியில் காலை ஏழுக்குக் காரை எடுத்தோம். பொள்ளாச்சி வழியாக உடுமலை சுமார் எண்பது கிலோமீட்டர். அங்கிருந்து அமராவதி அணைக்குப் போகிற சாலையில் இன்னும் பன்னிரண்டு. டிபனுக்கு நிறுத்தியதையும் சேர்த்து மூன்று மணி நேரம். ரோடு நன்றாக இருக்கிறது. இந்தப் பயணத்தில் நான் பாராட்டப்போகிற கடைசி விஷயம் அதுதான்.

அதிசயப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 350 ரூபாய், கார் நிறுத்த 50. வாசல் பலகையில் ‘ஏழு அதிசயங்கள், எட்டாவது இலவசம்’ என்று ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி மாதிரி எழுதியிருந்தார்கள். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். எங்கள் மணிக்கட்டில் மஞ்சள் காகிதப் பட்டையை ஒட்டிவிட்டு, சிரிக்காமல் அடுத்தவரைப் பார்த்தாள்.

தாஜ்மகாலுக்குப் பின்னால் கழிப்பறை. வாடை மும்தாஜ் வரைக்கும் வருகிறது. பிரமிடுக்குள் கரும்பு ஜூஸ் கடை. கொலோசியத்தை விசேஷங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அன்றைக்கு உள்ளே ஒரு காதுகுத்துப் பந்தி நடந்துகொண்டிருந்தது. சீனப் பெருஞ்சுவர் என் இடுப்பு உயரம். எதைத் தட்டினாலும் உள்ளே ஒன்றுமில்லாத சத்தம். தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் உயிரைக் கொடுத்துக் கட்டியதையெல்லாம் செல்ஃபிக்குப் பின்னால் நிற்கிற திரைச்சீலை ஆக்கி வைத்திருக்கிறார்கள். “கொழந்தைங்களுக்குப் புடிக்குமல்ல அம்மணி” என்றார் என் வீட்டுக்காரர். எங்களோடு குழந்தை யாரும் வரவில்லை.

எட்டாவது கடைசியில், தென்னைகளுக்கு நடுவே இருந்தது. இங்கிலாந்தில் பெரிய பெரிய கற்களை வட்டமாக நட்டு, மேலே கல் ஏற்றி வைத்திருக்கிறார்களே, அந்த ஸ்டோன்ஹெஞ்ச். வழக்கம்போலத் தட்டினேன். கை வலித்தது. நிஜக் கல். ஒரு பலகைக்கல்லில் தலை நுழைகிற அளவுக்கு வட்டமாகத் துளை. இந்த மாதிரித் துளையை நான் வேறு இடத்தில் பார்த்திருக்கிறேன். இறந்தவர்களுக்காக நாலு பக்கமும் கல் நிறுத்தி, மேலே மூடி போட்டு, இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்னால் நம் பக்கத்து ஜனங்கள் கட்டிய கற்திட்டைகளில். துளையைச் சுற்றி மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தன.

பார்த்துக்கொண்டே நிற்கும்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மா விளக்கும் எண்ணெயுமாக வந்தார். அவர் கையிலும் அதே மஞ்சள் பட்டை. அன்றைக்கு அமாவாசை என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெயர் சிவகாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கற்கள் முன்பு நின்றது பக்கத்தில் இருக்கும் அவருடைய தோட்டத்தில். அவர்கள் குடும்பம் அமாவாசைதோறும் அங்கேதான் மூத்தவர்களுக்கு விளக்கு வைக்கும். பூங்காவின் முதலாளி அவருக்குச் சம்பந்தி. கவுண்டரில் டிக்கெட் கொடுத்த பெண் இந்த அம்மாவின் மகள், முதலாளி வீட்டு மருமகள்.

ரெண்டு வருஷம் முன்னால் சம்பந்தி பழத்தட்டோடு வந்து உட்கார்ந்து, மோர் குடித்து, சும்மா கிடக்கிற கல்லைக் கேட்டிருக்கிறார்.

“பொண்ணு குடுத்த ஊட்டுக்குக் கல்லு குடுக்க மாட்டோம்னு எப்படிங்க சொல்றது? எடுத்துக்கங்கன்னு சொல்லிப்போட்டோம்” என்றார் சிவகாமி அம்மா.

ஒன்றிரண்டு கல் போகும் என்று நினைத்திருக்கிறார்கள். மறுநாளே கிரேன் வந்து எல்லாவற்றையும் தூக்கிவிட்டது. அடியில் கறுப்பும் சிவப்புமாகப் பானைகள், எலும்புகள். அதையெல்லாம் மண்ணோடு வாரிப் பாழுங்கிணற்றில் தள்ளிவிட்டார்கள். இப்போது விளக்கு வைக்க அவர் டிக்கெட் எடுக்கிறார். சொந்தக்காரர்களுக்கு ஓசி கிடையாது என்பது சம்பந்தியின் உத்தரவு. பெற்ற தாய்க்கு மகளே டிக்கெட் கிழிக்கிறாள்.

அந்தத் துளைக்கல் ஒன்றாவது தோட்டத்துக்குத் திரும்பினால் போதும் என்றார். கேட்டீர்களா என்றேன். கேட்கவில்லை. நான் எழுதுகிறேன், புகாரும் கொடுக்கிறேன் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எழுதிப்போடாதீங்க கண்ணு. என்ற புள்ள அந்த ஊட்டுல பொழைக்கோணுமுங்க.”

சம்பந்தி உணவகத்தில் இருந்தார். வெள்ளை வேட்டி, வாய் நிறைய மரியாதை. எட்டாவது எப்படி என்று அவராகவே கேட்டார். யார் கல் என்று நான் திருப்பிக் கேட்டேன்.

“நம்ம சம்பந்தி ஊட்டுக் கல்லுங்க. காட்டுல சும்மா கெடந்துதுங்க. இங்க வந்துதான் அதுக்கு ஒரு மருவாதை.”

அது கல் இல்லை, சுடுகாடு, நீங்கள் பிடுங்கி வந்திருப்பது சமாதியை என்றேன். குரல் என் காதுக்கே உறைத்தது. அவர் சத்தம் போடவில்லை, எங்களுக்கு ரெண்டு டீ சொன்னார். என் வீட்டுக்காரர் தன் டீயைக் குடித்தார். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எங்கள் ஊர்ப்பக்கத்தில் ‘ங்க’ போட்டுக் கேட்டால் சமாதியைக்கூடத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். தடுப்பதுதான் மரியாதைக் குறைவு.

வெளியே வரும்போது கவுண்டரில் இருந்த மகள் என்னைக் கூப்பிட்டாள். உணவகத்தில் நான் போட்ட சத்தம் அங்கே வரைக்கும் கேட்டிருந்தது.

“எழுத வேண்டாம்னு எங்கம்மா சொல்லியிருப்பாங்க. என்னைச் சொல்லித்தானுங்க இத்தனை நாளா வாயைத் தொறக்காம இருக்காங்க. நீங்க எழுதுங்க.”

வீட்டுக்கு வந்ததும் தொல்லியல் துறைக்குப் படங்களோடு மனு அனுப்பினேன். பதில் வரவில்லை. சிவகாமி அம்மாவுக்காகப் பூங்காவின் பெயரைப் போடவில்லை. வழியைப் போட்டிருக்கிறேன்.

போகிறவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், மதியம் சிமெண்டு கொதிக்கிறது. தண்ணீர் கொண்டுபோங்கள். முதல் ஏழையும் அரை மணியில் முடித்துவிடலாம். எட்டாவதில் செருப்பைக் கழற்றுங்கள், மேலே ஏறிப் படம் எடுக்காதீர்கள். முக்கியமாக, கவுண்டரில் பணம் நீட்டுவதற்கு முன்னால், எட்டாவது அதிசயம் யார் வீட்டுக் கல் என்று அந்தப் பெண்ணிடம் கேளுங்கள். வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகக் கேளுங்கள். மாமனார் பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் இன்னும் நல்லது. அவள்தான் அப்படிக் கேட்கச் சொன்னாள்.