எச்சில் தொட்ட விடை

கட்டைவிரல் நாக்கில் படாமல் அந்தக் கண்டக்டரின் கையில் எந்தக் காகிதமும் நகராது. விரல் நுனியை நாக்கில் ஒற்றி, டிக்கெட் கட்டின் மூலையில் லேசாக உருட்டுவார். ஒரே ஒரு டிக்கெட் சரக்கென்று பிரிந்து வரும். வீட்டில் காலண்டர் தாள் கிழிப்பதும் அப்படியே. டிக்கெட்டின் ஈர ஓரத்தைப் பார்த்து யாராவது முகம் சுளித்தால், அடுத்தவருக்கு இன்னும் தாராளமாக ஒற்றுவார்.

குதிகால் வலி வந்த பிறகு அவருக்கு ஒரே ஆசை: பஸ் நிலையத்தில் வண்டிகள் வந்துபோகும் நேரத்தைக் குறிக்கிற டைம் கீப்பர் வேலை. சம்பளம் பெரிதாக ஏறாது. ஆனால் நாற்காலி உண்டு. அதற்கொரு துறைத் தேர்வு. பென்சிலால் வட்டங்களைக் கறுப்பாக்க வேண்டும், மெஷின் திருத்தும்.

பாதிவரை நன்றாகத்தான் போனது. அப்புறம் ஒரு விடையை மாற்றத் தோன்றியது. பென்சிலின் பின்பக்க ரப்பர் மொட்டையாகத் தேய்ந்திருந்தது. அழித்தும் சாம்பல் கறை போகவில்லை. அவர் யோசிப்பதற்குள் கட்டைவிரல் நாக்குக்குப் போய்வந்து தாளைத் துடைத்துவிட்டது. மழைநாள் பஸ் கண்ணாடிபோல வட்டம் கலங்கி, பக்கத்து வட்டங்களோடு உறவு கொண்டாடியது. பதறிப்போய் அதைச் சரிசெய்யப் பார்த்தார், கீழ்வரிசையும் கலங்கியது.

"எச்சில் வச்சா அழிச்சீங்க?" மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"நானா பண்ணேன்? விரல் பண்ணுச்சு."

"அப்ப நாற்காலிய விரலுக்கே குடுக்கச் சொல்லுங்க. நீங்க நின்னுக்கிட்டே இருங்க."

மறுநாள் டிரைவரிடம் சொன்னார். டிரைவருக்கு ஆறுதல் சொல்ல வராது.

"ஒரே கேள்விக்கு ரெண்டு வட்டம் கறுப்பாத் தெரிஞ்சா மெஷின் தப்புன்னு போட்டுடும்ணே. ரொம்பக் குழம்பினா தாளையே வெளிய துப்பிடும்."

"வயித்துல புளியக் கரைக்காதடா."

"நீங்க மொதல்ல துப்புனீங்க, அது திருப்பித் துப்புது. கணக்கு நேராயிடுச்சுல்ல?"

அன்றிலிருந்து அவர் மெஷின் என்று எதைக் கண்டாலும் முறைத்தார். சிக்னல் விளக்குகூட வேண்டுமென்றே சிவப்பானதாகப் பட்டது. நாக்குக்கும் விரலுக்கும் பேச்சுவார்த்தை கூடாது என்று மனைவி ஒரு டப்பியில் ஈர ஸ்பாஞ்ச் போட்டுக் கொடுத்தாள். அதைத் தொட்டுக் கிழித்தால் டிக்கெட் ஜோடி ஜோடியாக வந்தது.

"கூட யாரு சார் வர்றாங்க?" என்று தனியாக வந்த ஒருவர் இரண்டு டிக்கெட்டையும் நீட்டிக் கேட்டார்.

"என் போறாத காலம்" என்றார் கண்டக்டர், ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொண்டு.

முடிவு வந்தது. தேறியவர் பட்டியலில் கடைசிக்கு முந்தின பெயர் அவருடையது. நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாள், டிரைவர் தன் வண்டியைச் சன்னலோரம் கொண்டுவந்து காது கிழிய ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.

ஒரு விஷயம் மட்டும் ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. தேர்வுப் பிரிவில் வேலை பார்த்த அம்மா ஒருவர், தன் பஸ் தாமதமான ஒரு மத்தியானம், டைம் கீப்பர் அறையில் வந்து உட்கார்ந்தார். பேச்சு தேர்வுப் பக்கம் திரும்பியது. மெஷின் ஏற்காத தாள்களை அந்த அம்மாதான் கண்ணால் பார்த்து, அழுத்தமாகக் கறுத்திருந்த வட்டத்தை விடையாகக் குறித்துக்கொள்வாராம்.

"நீங்க எழுதுன தடவ ஒரு தாள் ஈரத்துல பக்கத்துத் தாளோட ஒட்டிக்கிட்டு உள்ளயே போகல சார். யாரு புண்ணியவானோ!"

"அப்புறம்... எப்படிங்க பிரிச்சீங்க?"

அந்த அம்மா கொஞ்சம் கூச்சப்பட்டார். பிறகு கட்டைவிரலை நாக்கில் ஒற்றிக் காட்டினார்.